தானம் கொடுத்த மாட்டின் பல்

அந்த ஊரில் அவளை யாரும் டாக்டர் என்று சொல்வதில்லை. கொறடம்மா என்றுதான் சொல்வார்கள். பல்வலி என்று போனால் இரும்புக் குறட்டை எடுப்பாள், பிடுங்குவாள், பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவாள். "அந்தம்மா கொறட்ட எடுத்தா முடிஞ்சுது கதை" என்று ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்ட ஒரு புது ஆள், நேராக அவளிடமே வந்து, ஒருக்களித்துப் படுத்தால் சத்தம் குறையும் என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது. பிடுங்குவதற்கு ஒருத்தி கல்லூரிக்குப் போய் வருடக்கணக்கில் படிக்க வேண்டியதில்லை. பல்லில் ஒரு நூலைக் கட்டிக் கதவைச் சாத்தினால் கதவே பிடுங்கிவிடும். அவள் படித்தது பல்லைக் காப்பாற்ற. செத்துப்போன பல்லின் வேருக்குள் மெல்லிய ஊசியை விட்டு, சீழை எடுத்து, சுத்தம் செய்து, மருந்து வைத்து மூடி, இன்னும் முப்பது வருடம் உழைக்க வைக்கும் வேலையில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் நல்ல கை. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தடவையாவது நோயாளி வந்து உட்கார வேண்டும். பொறுமை வேண்டும். உலகத்தில் எதற்குமே பொறுமை இல்லாத அவளுக்கு அந்த ஒன்றில் மட்டும் எங்கிருந்துதான் அத்தனை பொறுமை வருமோ என்று அவளுடைய தம்பி கேட்பான்.

பிறகு சண்டை வந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. பல் பார்க்கும் நாற்காலியைத் தம்பி இடிபாட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்து தன் மெக்கானிக் கடையின் பின்னறையில் போட்டான். துளைப்பானை ஓட்டும் காற்றுப் பம்பு மட்டும் கீறல்கூட இல்லாமல் தப்பித்திருந்தது. அதைச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், லாரி டயருக்குக் காற்றடிக்க. எந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் வந்தபோது பம்பு போயிற்று, மறுபக்கம் வந்தபோது மின்கம்பி போயிற்று. மிஞ்சியது குறடு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, மெஷின் இல்லாத ஊருக்குக் குறடே வைத்தியம் என்று ஆகிவிட்டது. காப்பாற்றக்கூடிய பல் ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது அவளுக்கு ஆத்திரம் வந்தது. வலியோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள்மேல் அதைக் காட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டாள். கடித்துக் கடித்து அவளுடைய முன்பல்லே ஒன்று விரிசல்விட்டுச் சீழ் பிடித்தது.

ஊரிலிருந்த ஒரே பல் டாக்டருக்குப் பல்வலி வந்தால் யாரிடம் போவாள்? தம்பியை உட்காரவைத்து, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்படிப் பிடி, அசை, இழுக்காத, அசைடா, இது என்ன போல்ட்டா?" என்று கத்திக் கத்தியே பிடுங்க வைத்தாள். அதற்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிடுமூஞ்சி என்றார்கள். அதிலும் பாதி உண்மைதான்.

சண்டை ஓய்ந்தது என்று ரேடியோ சொன்ன மறுவருடம் தொண்டுக் குழு வந்தது. ஏழெட்டு டாக்டர்கள், ஒரு போட்டோக்காரர், ஜெனரேட்டர் உட்பட இரண்டு லாரி நிறையச் சாமான்கள். பள்ளிக்கூடத்தில் கூரை மிஞ்சியிருந்த கூடத்தில் நாற்காலிகளை விரித்துப் போட்டார்கள். குழுவின் தலைவன் பெரிய வட்டத் தொப்பி ஒன்றை வெயிலிலும் நிழலிலும் கழற்றாமல் திரிந்ததால் அன்று மத்தியானத்துக்குள் ஊர் அவனுக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் அவன் புது ஆள் இல்லை. ஒரே வகுப்பில் படித்தவன். முதல் குண்டு விழுவதற்கு முன்பே வெளிநாட்டுக்குக் கப்பலேறியவன்.

"நீ இங்கேயேதான் இருந்தியா?" என்று ஆச்சரியமாகக் கேட்டான்.

"பின்ன? யாராவது இருக்கணுமே."

"ரொம்பப் பெரிய விஷயம். நீ வரிசையைப் பாத்துக்கோ. உள்ளூர் ஆளு சொன்னாத்தான் கேப்பாங்க."

வரிசையைப் பார்த்துக்கொள்வதாம்! வாட்ச்மேன் வேலை! முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் அவள் திரும்பிப் போகவில்லை. காரணம், லாரியிலிருந்து இறங்கிய ஒரு நீலப்பெட்டி. சின்ன டிரங்குப் பெட்டி அளவுதான் இருக்கும். துளைப்பது, எச்சிலை உறிஞ்சுவது, வேரைப் படமெடுப்பது எல்லாம் அதற்குள். கூடவே வேர் ஊசிகளும் மருந்துகளும் தட்டுத்தட்டாக. அவள் அதன் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இழந்ததெல்லாம் ஒரு பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பெட்டியை எவரும் திறக்கவே இல்லை. குழுவுக்கு ஒரு விதி இருந்தது: ஒரே தடவையில் முடிகிற வேலையை மட்டும்தான் செய்ய வேண்டும். ஒரு வாரத்தில் கிளம்புகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகக்கூடாதாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே தடவையில் முடிகிற வேலை எது? பிடுங்குவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடுங்கினார்கள். பிடுங்கிய பல்லை எவர்சில்வர் கிண்ணத்தில் போடுவார்கள், ‘டங்’ என்று சத்தம் வரும். மாலையில் எல்லாக் கிண்ணங்களையும் ஒரு வாளியில் கொட்டி, வாளியை நடுவில் வைத்துக் குழு வரிசையாக நின்று சிரிக்க, போட்டோக்காரர் படமெடுத்தார்.

"இது என்ன, அறுவடையா?" என்று அவள் சத்தமாகவே கேட்டாள்.

"கோவம் மட்டும் மாறவே இல்ல உனக்கு" என்று தொப்பிக்காரன் சிரித்தான். அவனுக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

மறுநாள் காலை வரிசையில் தையல்காரம்மா தன் மகளோடு நின்றாள். மகளுக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். குண்டுச் சத்தத்தில் ஓடி, பதுங்குகுழியின் விளிம்பில் முகமடித்து விழுந்ததில் மேல் முன்பல் பாதியாக உடைந்திருந்தது. மிச்சப் பாதி கறுத்துப்போய், மாதம் ஒருமுறை ஈறு வீங்கும். வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசிப் பழகியிருந்தாள். கடையில் கேட்டால் விரலைக் காட்டுவாள், வகுப்பில் கேட்டால் எழுந்து நின்று சும்மா இருப்பாள். கொறடம்மா அவளை வரிசையிலேயே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். வேர் கல் மாதிரி உறுதியாக இருந்தது.

"இந்தப் பல்லப் பிடுங்கக் கூடாது. காப்பாத்தலாம்."

தையல்காரம்மா பதறினாள். "வேணாம்மா. அவங்களே எங்கிருந்தோ வந்து காசு வாங்காமச் செய்றாங்க. தானம் கொடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கலாமா? பிடுங்குனா பிடுங்கட்டும்."

"நான் மாட்டோட பல்லப் பாக்கலம்மா, உங்க பொண்ணோட பல்லப் பாக்குறேன்!" என்று கொறடம்மா சீறினாள். பெண் வாயை மூடிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பயமா, ஆசையா என்று தெரியவில்லை.

கொறடம்மா பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு தொப்பிக்காரனிடம் போனாள். அவன் பார்த்தான், தட்டினான், தலையாட்டினான். "காப்பாத்தலாம்தான். மூணு தடவை வரணும். நாங்க இருக்க மாட்டோம். எடுத்துடலாம்."

"பெட்டிய விட்டுட்டுப் போ. நான் முடிக்கிறேன்."

"பெட்டி அடுத்த ஊருக்குப் போகணும். என் பெட்டி இல்ல அது, நன்கொடை. என் இஷ்டத்துக்குக் குடுக்க முடியாது."

"அடுத்த ஊர்ல திறப்பீங்களா?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பதினாறு வயதுப் பெண்ணின் முன்பல் போனால் போனதுதான், அதற்குப் பதில் கட்டிக்கொடுக்க அந்த நாட்டில் ஆள் கிடையாது, பொருளும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் ‘எடுத்துடலாம்’ என்றான். என்னமோ சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல!

நல்லவேளை, அன்றே குழுவிலிருந்த ஓர் இளம் டாக்டர் வயிறு கெட்டுப்போய்ப் படுத்துவிட்டான். ஒரு நாற்காலி காலியாயிற்று. "வந்து பிடுங்கு" என்று தொப்பிக்காரன் அவளைக் கூப்பிட்டான். அவள் நாற்காலியைக் கூடத்தின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சுவர் மறைக்கும் இடம். நீலப்பெட்டியைத் தம்பியை விட்டுத் தூக்கி வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. திறக்காத பெட்டி எங்கே இருந்தால் என்ன?

முதலில் தையல்காரம்மாவின் மகள். ஊசி போட்டு மரத்துப்போனதும் கறுத்த பாதியைத் துளைத்துத் திறந்தாள். வாடை குப்பென்று வந்தது. ஊசியை விட்டுக் கழுவினாள், மருந்து வைத்து வெள்ளைப் பூச்சால் தற்காலிகமாக மூடினாள். கை மறந்துபோயிருக்குமோ என்று உள்ளூரப் பயந்திருந்தாள். மறக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதுவிடுவோமோ என்று தோன்றியதால் அந்தப் பெண்ணை எதற்கோ அதட்டினாள்.

அந்தப் பெண் எழுந்து போகும்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. ஒரு பல்லைப் பாதியில் விட்டால், ‘ஒண்ணுதானே’ என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இருபது பல் திறந்து கிடந்தால்? பாதியில் விடக்கூடாது என்பதுதானே இவர்கள் விதி? அந்த விதியாலேயே இவர்களைக் கட்டிப்போட வேண்டும்.

மறைக்காமல் சொல்லித்தான் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும், காப்பாற்றக்கூடிய பல்லாக இருந்தால், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பிடுங்கலாம், இன்னைக்கே முடிஞ்சுடும். இல்லன்னா திறந்து மருந்து வைக்கலாம். அப்படித் திறந்தா இந்தப் பெட்டி இருந்தாத்தான் முடிக்க முடியும். பெட்டி இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். போயிடுச்சுன்னா கடைசில பிடுங்கத்தான் வேணும். என்ன சொல்றீங்க?"

சிலர் பிடுங்கிவிடச் சொன்னார்கள், பிடுங்கினாள். பலர் யோசித்தார்கள். கொத்தனார் ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எப்படியும் பிடுங்கணும்னுதான் வந்தேன். இன்னைக்குப் போற பல்லு ரெண்டு வாரம் கழிச்சுப் போகுது. அதனால எனக்கு என்ன நட்டம்? திறங்க."

மாலையில் தொப்பிக்காரன் அவள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். அடியில் நாலைந்துதான் கிடந்தன. "என்ன, பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓஞ்சுபோச்சா?"

"ஆமா, ரொம்பவே ஓஞ்சுபோச்சு" என்றாள். இதுவும் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

இப்படியே வாரம் ஓடிற்று. கடைசி நாள் காலையில் லாரிகளில் சாமான் ஏறியது. நீலப்பெட்டியையும் தூக்கி ஏற்றிக் கயிறு கட்டினார்கள். அப்போது வாசலில் கூட்டம் சேர்ந்தது. தையல்காரம்மா, மகள், கொத்தனார், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடத்து டீச்சர் என்று ஒருவர் பின் ஒருவராக. கொறடம்மாதான் வரச் சொல்லியிருந்தாள்.

"வேலை முடிஞ்சுபோச்சே, எல்லாரும் எதுக்கு நிக்கிறீங்க?" என்றான் தொப்பிக்காரன்.

"ரெண்டாவது தடவைக்கு" என்றார் கொத்தனார்.

"எதுக்கு ரெண்டாவது?"

கொத்தனார் வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் வெள்ளைப் பூச்சு. பக்கத்திலிருந்த கண்டக்டரும் திறந்தார். டீச்சரும் திறந்தார். தொப்பிக்காரன் ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனான். போகப் போக அவன் முகம் சிவந்தது. விஷயம் புரிந்துவிட்டது. திரும்பி அவளிடம் வந்தான்.

"உனக்குப் பைத்தியமா? இத்தனை பேர் பல்லையும் திறந்து வச்சிருக்கியே! நோயாளிங்களப் பணயம் வச்சு விளையாடியிருக்க நீ! டாக்டர் பண்ற வேலையா இது?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. ஏனென்றால் வாரம் முழுக்க அவளும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுட்டதில் கோபம் இன்னும் ஏறியது.

"டாக்டர் வேலையப் பத்தி நீ பேசாத! பெட்டிய ஒரு வாரம் மூடியே வச்சிருந்து வாளி வாளியாப் பிடுங்குனியே, அது டாக்டர் வேலையா? கதவும் நூலும் பண்ற வேலைக்கு எதுக்கு ரெண்டு லாரி?"

"அடுத்த ஊர்ல இன்னும் குண்டு நிக்கல. அங்க இருக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?"

அங்கேயும் ஒருத்தி கடையின் பின்னறையில் குறட்டை வைத்துக்கொண்டு ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். தெரியாதா கொறடம்மாவுக்கு? அந்த ஒருத்தியையும் தன்னையும் ஒரே பெட்டிக்கு அடித்துக்கொள்ள வைக்கிறானே என்றுதான் வயிறு எரிந்தது.

"அவளுக்கும் ஒரு பெட்டி குடு. இங்கிருந்து பிடுங்கி அங்க குடுக்காத. அதுலயும் பிடுங்கத்தானா தெரியும் உனக்கு?"

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. விவரம் தெரியாத சனங்கள ஏமாத்தி—"

அப்போதுதான் தையல்காரம்மா முன்னால் வந்தாள். யார் முன்னாலும் குரல் உயர்த்தாத பொம்பளை. அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது, கடையைப் போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏமாத்தல ஐயா. எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிக் கேட்டுட்டுத்தான் திறந்தாங்க. பெட்டி இல்லாமப் போனாலும் போகலாம்னு சொல்லித்தான் கேட்டாங்க. நீங்க பிடுங்குனப்ப எங்கள்ல யாரக் கேட்டீங்க?"

சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தொப்பிக்காரன் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினான். உள்ளே வழுக்கை. வேறொரு நாளாக இருந்தால் ஊர் அதற்கே ஒரு மணி நேரம் சிரித்திருக்கும்.

கொறடம்மா போட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கேமராவோடு திகைத்து நின்றார். "என்ன தம்பி, சும்மா நிக்கிறீங்க? வாளியப் படம் எடுத்தீங்கல்ல, இதையும் எடுங்க. வாயத் தெறந்துட்டுத்தானே நிக்கிறாங்க!"

இருபது வாய்களும் திறந்தன. கேமரா உயர்ந்தது. தொப்பிக்காரன் கேமராவைப் பார்த்தான், வாய்களைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான்.

"பெட்டிய இறக்குங்க" என்றான்.

அவனுக்கு மனசு இறங்கியதா, இல்லை கேமரா பெட்டியை இறக்கியதா என்று ஊரில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. அவளைக் கேட்டால், "அவன் மனசு எனக்கு எதுக்கு? பெட்டி இறங்குச்சா இல்லையா?" என்பாள். கிளம்பும்போது அவன், அடுத்த வருடம் குழு இந்த ஊருக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போனான். வரவும் இல்லை. பெட்டியின் மூடியில் ‘அன்பளிப்பு’ என்று பளபளவென்று ஒரு சீட்டை ஒட்டியிருந்தார்கள். தம்பி அதைப் பெட்ரோல் தொட்டுச் சுரண்டி எடுத்தான்.

மெக்கானிக் கடையின் பின்னறையில், தம்பி பழைய எஞ்சினை வைத்து ஒப்பேற்றிய ஜெனரேட்டர் ஓடியது. முன்னால் தம்பி ஸ்பேனரால் தட்டுவான், பின்னால் அக்கா வேரைக் குடைவாள். இரண்டு சத்தத்தில் எது பைக், எது பல் என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. தையல்காரம்மாவின் மகள் மூன்றாவது தடவை வந்தபோது வேரை அடைத்து, உடைந்த பாதியைப் பல்நிறப் பூச்சால் கட்டிக்கொடுத்தாள். கண்ணாடியைக் கொடுத்தாள். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் பெண். கை வாய்க்கு ஏறி, பாதி வழியில் நின்று, மடியில் இறங்கியது. "டாக்டரம்மா, உங்க பல்லுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?"

"அது போயி எவ்வளவோ காலமாச்சு. வாயப் பாக்காத, வீட்டுக்குப் போ" என்று விரட்டினாள். விரட்டும்போது, வாசலில் இருந்த தம்பி சத்தியம் செய்கிறான், அக்கா சிரித்தாளாம். ஓட்டை தெரியச் சிரித்தாளாம்.

எல்லாப் பல்லும் பிழைக்கவில்லை. கொத்தனாரின் கடைவாய்ப்பல் வேர்வரை பிளந்திருந்தது. படத்தில் கோடு தெளிவாகத் தெரிந்தது. அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பிடித்து, மறுபடியும் பிடித்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு இருந்தது. இத்தனை சண்டை போட்டு வாங்கிய பெட்டியும் இதற்கு உதவவில்லை என்று அவளுக்கு ஆங்காரமாக வந்தது. பெட்டிமேல் கோபம், பல்மேல் கோபம், கல்லுடைத்துக் கல்லுடைத்துப் பல்லைக் கடித்து நெரித்த கொத்தனார்மேலும் கோபம். படத்தை அவர் கையில் கொடுத்து, கோட்டைக் காட்டி, ஒவ்வொன்றாக விளக்கினாள்.

"நீங்க வேணாம்னா விட்டுடறேன். கொஞ்ச நாளைக்கு மாத்திரையில ஓட்டலாம். ஆனா மறுபடி வீங்கும். எடுத்துடறதுதான் நல்லது. என்ன சொல்றீங்க?"

கொத்தனார் படத்தை உற்றுப் பார்த்தார். தன் பல்லின் வேரை அவர் அதுவரை பார்த்ததில்லை. வீட்டு அஸ்திவாரத்தைப் பார்ப்பதுபோல மெதுவாகத் தலையாட்டினார்.

"பிளந்த கல்ல வச்சு எவன் செவுரு கட்டுவான்? எடுத்துடுங்க" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் டாக்டரம்மா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? என்கிட்ட கேட்டுட்டுத்தானே எடுக்குறீங்க" என்று சொல்லி வாயைத் திறந்தார்.

அவள் குறட்டை எடுத்தாள்.